நல்ல மனுஷன் கூட ஸ்டியரிங்கைப் பிடிச்சா ஏன் மாறிடறான்? இவங்க நடுவுல எப்படி சேஃபா ஓட்டுறது?

திருச்சில சின்னதா ஒரு டிராவல்ஸ் வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி பல வருஷம் நானே லைன்ல ஓட்டிட்டு இருந்தவன். வண்டிய யார் கைல நம்பிக் குடுக்கறதுங்கறது என் பொழப்பு, அதனால இந்தக் கேள்விய அடிக்கடி யோசிச்சிருக்கேன். கொஞ்சம் நீளமாதான் போகும்.

புதுசா டிரைவர் வேலைக்கு வர்றவங்ககிட்ட "எப்படி ஓட்டுவ தம்பி"ன்னு கேட்டா "சுமாரா ஓட்டுவேண்ணே"ன்னு சொன்ன ஆள இன்னும் பாக்கல. எல்லாரும் சூப்பர் டிரைவர்தான். நம்மூரு மட்டும் இப்படியில்ல. 1981ல ஓலா ஸ்வென்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்கா, ஸ்வீடன் ரெண்டு இடத்துலயும் மாணவர்கள்கிட்ட இதையே கேட்டிருக்கார். அமெரிக்கால 93 சதவீதம் பேரும் ஸ்வீடன்ல 69 சதவீதம் பேரும், ஓட்டுற திறமைல நாங்க மேல் பாதில இருக்கோம்னு சொல்லியிருக்காங்க. மேல் பாதின்னா 50 சதவீதம் பேருக்குதான் இடம், மீதிப் பேரு எங்க உக்காருவாங்க?

இதுக்கு திமிர மட்டும் காரணம் சொல்ல முடியாது. ரோடு நமக்கு மார்க் போட்டுக் காட்டறதே இல்ல, அதுதான் பிரச்சனை. ஒருத்தன் வளைவுல ஓவர்டேக் பண்றான்னு வைங்க, எதிர்ல வர்ற லாரிக்காரர் பிரேக்க மிதிச்சு வண்டிய மண்ணுல இறக்கி வழி விட்டுடறாரு, இவன் பாட்டுக்கு போயிடறான். இவன் மூளைல என்ன பதியும்? "கரெக்டா கணிச்சேன், கரெக்டா அடிச்சேன்." காப்பாத்தினது அந்த லாரிக்காரர், பேரு வாங்கினது இவன். இப்படியே நூறு தடவ தப்பிச்சா நூறு தடவயும் அது திறமை கணக்குலதான் ஏறுது. ஹைவேஸ்ல ராங் சைடுல பைக் வர்றதும் இதே கதைதான், யூ டர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, மீடியன் கேப் பக்கத்துலயே இருக்கு, மிச்சமாகுற பெட்ரோல் இன்னைக்கே தெரியுது ஆனா ஆபத்து என்னைக்கோ ஒரு நாள்தான் தெரியும்.

பழகின ரோடு இன்னும் மோசம். "கடைக்குதானே போறேன்"னு ஹெல்மெட்ட வீட்லயே வெச்சிட்டு போறவங்க எல்லாம் இந்த கேஸ்தான். 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன்ல நாடு முழுக்க ஒரே நாள்ல இடது பக்கம் ஓட்டுறதுலேர்ந்து வலது பக்கத்துக்கு மாத்தினாங்க. ரத்தக்களறி ஆயிடும்னு தோணும்ல, ஆனா விபத்து குறைஞ்சிருக்கு, ஏன்னா எல்லாரும் பயந்து பயந்து ஓட்டியிருக்காங்க. அப்புறம் பழகிப் போச்சு, விபத்தும் பழைய அளவுக்கே வந்துடுச்சு.

சரி, கோவத்துக்கு வருவோம். தீபாவளி நேரத்துல எங்க ஊரு என்எஸ்பி ரோட்ல நடந்து பாருங்க, தோள் இடிக்கும், கால மிதிப்பாங்க, பை மாட்டிக்கும், "சாரிங்க", "பரவால்லங்க"ன்னு போயிட்டே இருப்போம். அதே ஆளு கார்ல வந்து நமக்கு முன்னாடி கொஞ்சம் மூக்க நீட்டினா ரத்தம் கொதிக்குது. நடக்கும்போது மூஞ்சி தெரியுது, கார்ல வெறும் நம்பர் பிளேட்தான் தெரியுது, அவ்ளோதான் வித்தியாசம். நாம கட் அடிச்சா "ட்ரெயினுக்கு லேட் ஆச்சு", அடுத்தவன் கட் அடிச்சா "பொறம்போக்கு". அவனுக்கும் ஒரு ட்ரெயின் இருக்கலாம்ங்கறது அந்த நேரத்துல தோணவே தோணாது. இதுல ஹெட்லைட் வேற. நம்மூர்ல டிப் அடிச்சா "நான் வரேன், நில்லு"ன்னு அர்த்தம், ஆனா சில பேரு "நீ போ"ன்னு சொல்றதுக்கும் அதையே அடிப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா யாரு நிக்கறது? அதனால லைட்ட நம்பாதீங்க, எதிர் வண்டி நிஜமாவே வேகம் குறையுதான்னு மட்டும் பாருங்க.

லேன் மாத்திட்டே இருக்கறவங்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். சமயபுரம் டோல்ல நின்னா பக்கத்து வரிசைதான் வேகமா போற மாதிரி இருக்கும். 1999ல நேச்சர் இதழ்ல ரெண்டு பேரு இதப்பத்தி எழுதியிருக்காங்க, நெருக்கடில பக்கத்து லேன் வேகமா போறதா தோணுறது பெரும்பாலும் பிரமைன்னு. காரணம் எளிமையானது. நாம அடுத்தவங்கள தாண்டும்போது அவங்க நெருக்கமா நிப்பாங்க, சட்டுனு பத்து வண்டிய தாண்டிடுவோம். அவங்க நம்மள தாண்டும்போது இடைவெளி விட்டு ஒவ்வொண்ணா வருவாங்க, அதுக்கு நேரம் பிடிக்கும். அதனால ரெண்டு வரிசையும் ஒரே சராசரி வேகத்துல போனாலும், தாண்டப்படற நேரம்தான் நமக்கு அதிகம். போதாக்குறைக்கு நாம தாண்டின வண்டி பின்னாடி போயிடும், நம்மள தாண்டினவன் கண்ணு முன்னாடியே நின்னுட்டு இருப்பான். அப்புறம் வயித்தெரிச்சல் வராம என்ன வரும்.

வேகத்த பத்தி பேசினா அட்வைஸ் மாதிரி ஆயிடும், அதனால கணக்கு மட்டும் சொல்றேன். 10 கிலோமீட்டர் தூரத்த 20ல போனா 30 நிமிஷம், 30ல போனா 20 நிமிஷம், அதாவது 10 நிமிஷம் மிச்சம். அதே தூரத்துல 100ஐ 110 ஆக்கினா 6 நிமிஷம்ங்கறது 5 நிமிஷம் 27 செகண்டா குறையுது, மிச்சம் 33 செகண்ட். ஸ்பீடாமீட்டர்ல ரெண்டு இடத்துலயும் கூடினது அதே 10தான். மனசு இந்தக் கணக்க ஒழுங்கா போடாது, மேல போகப் போக நிறைய மிச்சம்னு நினைச்சுக்கும். ஆனா 100லேர்ந்து 120க்கு போனா பிரேக் அடக்க வேண்டிய சக்தி 44 சதவீதம் கூடிடும். நேரம் மிச்சம் பண்ணணும்னா டீக்கடைல பத்து நிமிஷம் சீக்கிரம் எழுந்திரிங்க. இந்தியால 2022ல ரோடு விபத்துல 1,68,491 பேரு இறந்திருக்காங்க, அதுல 70 சதவீதத்துக்கு மேல ஓவர் ஸ்பீடுன்னுதான் பதிவு. எஃப்ஐஆர்ல அப்படி எழுதறது சுலபம்ங்கறதையும் சேர்த்துதான் பாக்கணும், தூக்கம், போனெல்லாம் செத்தவங்ககிட்ட கேட்டா தெரியும்?

தூக்கம்னு சொன்னேன்ல, என்ன கேட்டா அதுதான் பெரிய எமன். விடியக்காலை மூணு மணிக்கு மேல உடம்பு தானா இறங்கும், எவ்ளோ பெரிய டிரைவரா இருந்தாலும் சரி. கண்ணு திறந்தே இருக்கும், மூளை ரெண்டு மூணு செகண்ட் ஆஃப் ஆயிடும். 100ல போற வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுது, மூணு செகண்டுன்னா 80 மீட்டருக்கு மேல, அதுக்குள்ள இண்டிகேட்டர் கூட போடாம ஓரமா நிக்கற லாரி வந்துடும். கண்ணாடிய இறக்கறது, பாட்ட சத்தமா வைக்கறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குதான். ஒரு காப்பி குடிச்சிட்டு வெளிச்சமான பங்க்ல ஓரங்கட்டி இருபது நிமிஷம் படுங்க, எழுந்திரிக்கும்போது காப்பியும் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும்.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்த விஷயம். டிரைவர் மனசு டிரைவர் மண்டைக்குள்ள மட்டும் இல்லங்க, பாதி பின் சீட்ல உக்காந்திருக்கு, மீதி போன்ல இருக்கு. "தம்பி, ஏழரை மணிக்கு முகூர்த்தம், கொஞ்சம் அழுத்துங்க"ன்னு சொல்ற பெரியவர், "எங்கப்பா இருக்க, அடுத்த டிரிப் நிக்குது"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்பிடற முதலாளி, "என்னங்க எல்லாரும் முந்திட்டு போறாங்க"ன்னு சொல்ற வீட்டம்மா. இப்படி ஆளாளுக்கு குத்தினா எந்த டிரைவரும் மனசு மாறத்தான் செய்வாரு. அப்புறம் ஏதாவது ஆனா "டிரைவர் அவசரப்பட்டுட்டான்"னு முடிச்சிடுவோம். அதனால எங்க வண்டில டிரிப் போகும்போது ஆபீஸ்லேர்ந்து டிரைவருக்கு கூப்பிட மாட்டோம், வண்டி எங்க இருக்குன்னு ஜிபிஎஸ்ல பாத்துக்குவோம். இத்தன மணிக்கு கொண்டு போய் விட்ருவோம்னு பார்ட்டிகிட்ட வாக்கு குடுக்க மாட்டோம், கிளம்பற நேரம் மட்டும்தான் சொல்லுவோம். பகல்ல ஓட்டினவருக்கு அன்னைக்கு நைட்டு டூட்டி கிடையாது. இதனால சில பார்ட்டி வேற டிராவல்ஸ் பக்கம் போயிருக்காங்க, போகட்டும்.

நீங்களும் இதையே உங்களுக்கு பண்ணிக்கலாம். ரோட்ல வெச்சு எடுக்கற முடிவு எல்லாமே கோவத்துலயோ அவசரத்துலயோ தூக்கத்துலயோ எடுக்கறது, அதனால முக்கியமானத எல்லாம் சாவி போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. எத்தன மணிக்கு மேல ஓட்ட மாட்டேன், அதிகபட்சம் எவ்ளோ வேகம், போன் எங்க இருக்கும். போன டேஷ்போர்டுக்குள்ள போட்டு மூடிடுங்க, ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தாலும் பேச்சு பேச்சுதான், கை சும்மா இருக்கும், கவனம் இருக்காது. பின்னாடி ஹை பீம் போட்டுட்டு ஒட்டி வர்றவனுக்கு பாடம் எடுக்க நினைச்சு பிரேக்க தட்டாதீங்க, இண்டிகேட்டர் போட்டு லெஃப்ட்ல ஒதுங்கி விட்ருங்க. அவன் முன்னாடி போயிட்டா அவன் பண்றது எல்லாம் உங்க கண்ணுக்கு தெரியும், பின்னாடி இருந்தா தெரியாது.

கேள்வி கேட்டவர் டூவீலரா காரான்னு சொல்லல. டூவீலர்னா இன்னும் ஒண்ணே ஒண்ணு, பஸ், லாரிக்கு லெஃப்ட்ல இருக்கற சந்துல மட்டும் நுழையாதீங்க, குறிப்பா திருப்பத்துல. முன் சக்கரம் வளைஞ்சு போன அளவுக்கு பின் சக்கரம் வளையாது, உள் பக்கமா ஏறிட்டு வரும், அந்த இடத்துல நீங்க நிக்கறது டிரைவர் கண்ணாடில சுத்தமா தெரியாது.