வீட்டு விற்பனை முறிந்தால் அச்சாரப் பணம் யாருக்கு?

கேள்வி: கல்லடியில் 14 பேர்ச் வளவும் வீடும் ஒரு கோடியே 20 இலட்சத்துக்குப் பேசி, 12 இலட்சம் அச்சாரம் கொடுத்தோம். தரகர் கொப்பி ஒற்றையில் எழுதிய பற்றுச்சீட்டில் வீட்டுக்கார ஐயா முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தார். மூன்று மாதத்துக்குள் உறுதி முடிப்பதாகப் பேச்சு. மீதிக்கு வங்கிக் கடன் கேட்டுப் போனபோது, வங்கியின் சட்டத்தரணி உறுதியில் சிக்கல் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வீடு கனடாவில் இருக்கும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கிறதாம். தவணையும் தாண்டிவிட்டது. “கடன் கிடைக்காதது உங்கட பிழை, அச்சாரம் திரும்பாது” என்கிறார் ஐயா. என் கணவர் கட்டாரில் உழைத்த காசு இது. திரும்ப எடுக்கலாமா?
— வாசகி, மட்டக்களப்பு

பதில்: எடுக்கலாம், சகோதரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நியாயமும் சட்டமும் உங்கள் பக்கமே நிற்கின்றன. ஆனால் வரிசை தப்பாமல் நடக்க வேண்டும். கோபத்தில் வட்ஸ்அப்பில் “எங்களுக்கு இந்த வீடு வேண்டாம், காசைத் தாங்கோ” என்று ஒரு வரி அனுப்பினாலும், விலகியது நீங்கள்தான் என்று அவர் காட்ட அதுவே போதும். அப்படி ஏதும் இன்னும் அனுப்பியிராவிட்டால், இனியும் அனுப்பாதீர்கள்.

“கொடுத்தவன் மாறினால் அச்சாரம் போச்சு, வாங்கினவன் மாறினால் இரட்டிப்பாய்த் திருப்ப வேண்டும்” என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முறையாக எழுதிய உடன்படிக்கையில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால்தான் அது பேசும். வெறும் பேச்சிலோ தரகரின் துண்டிலோ அந்தக் கணக்கு தானாக வந்துவிடாது. பணம் யாருக்கு என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. கையில் இருப்பது என்ன தாள்? பேச்சை முறித்தவர் யார்?

முதலில் தாள். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியையோ வீட்டையோ விற்பதென்றாலும், விற்பதாக உடன்படுவதென்றாலும், அது எழுத்தில் இருந்து நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலு இல்லை. முத்திரை ஒட்டியதாலோ, தரகரும் அயலவரும் சாட்சி வைத்ததாலோ உங்கள் கொப்பி ஒற்றை உடன்படிக்கை ஆகிவிடாது. வட்ஸ்அப்பில் விலை பேசி “ஓம்” என்று வந்த பதிலும் ஆகாது. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் காணி விற்பனை ஒப்பந்தங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

இதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் ஒரு இலாபமும் உண்டு. “பேசிய விலைக்கு வீட்டை எழுதித் தா” என்று அந்தச் சீட்டை வைத்து வழக்குப் போட முடியாது. விலை ஏறிவிட்டது, நட்டஈடு வேண்டும் என்றும் கேட்க முடியாது. ஆனால் 12 இலட்சம் கைமாறியதற்கு அது நல்ல அத்தாட்சி. வீட்டைத் தர முடியாதவர், அதற்காக வாங்கிய காசைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. நியாயமின்றிப் பெற்ற நன்மையைத் திருப்ப வேண்டும் என்ற இந்த அடிப்படையில் உங்கள் பணத்தைக் கேட்கலாம். இதே காரணத்தால், “தவறினால் அச்சாரம் பறிபோகும்” என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்தாலும் அந்த வரிக்கு உடன்படிக்கையின் வலு இல்லை.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தாளுக்கு வலு இல்லை, அதனால் எப்போதும் காசு திரும்பும் என்று நினைக்கிறார்கள். அது பிழை. விற்பவர் சுத்தமான உறுதியோடு, எழுதிக் கொடுக்க ஆயத்தமாக இருக்க, வாங்குபவர் மனம் மாறி விலகினால், நொத்தாரிசு முன் முடிக்காத பேச்சாக இருந்தாலும் முற்பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று நமது நீதிமன்றங்கள் நீண்ட காலத்துக்கு முன்பே தீர்த்திருக்கின்றன. ஆகவே, முறித்தவர் யார் என்பதே உங்கள் விடயத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

அதைப் பார்ப்போம். வங்கி கடன் மறுப்பதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. உங்கள் வருமானம் போதாது, பழைய கடன் நிலுவை இருக்கிறது என்றால் அது வாங்குபவரின் குறை. கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்று முன்கூட்டியே எழுதியிராவிட்டால், அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும். உறுதி சரியில்லை என்று மறுத்தால் அது விற்பவரின் குறை. இரண்டும் “லோன் கிடைக்கவில்லை” என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால்தான் ஐயாவால் உங்களை மடக்க முடிகிறது. எனவே முதல் வேலையாக வங்கிக்குப் போங்கள். கடன் மறுக்கப்பட்டதற்கு உறுதியில் உள்ள குறைதான் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். சட்டத்தரணியின் முழு அறிக்கையைத் தர வங்கி தயங்கலாம். காரணத்தைச் சொல்லும் ஒரு கடிதம் போதும், திகதியும் முத்திரையும் இருக்கட்டும்.

அடுத்து, அந்த உறுதி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில், தமிழர் வீடானாலும் முஸ்லிம்கள் வீடானாலும், பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுப்பது வழமை. தாய் தகப்பன் சாகும்வரை இருப்பதற்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, வீட்டை மகள் பெயருக்கு நன்கொடை உறுதி முடிப்பார்கள். வெளிப்பார்வைக்கு ஐயாதான் வீட்டுக்காரர். கரண்ட் பில் அவர் பெயரில், ஆதன வரிச் சீட்டு அவர் பெயரில், முற்றம் கூட்டுவதும் அவர். ஆனால் அவருக்கு இருப்பது சீவிய உரித்து மட்டுமே. வீடு மகளுடையது. அவர் தனியே கையெழுத்து வைத்து உங்களுக்கு வீட்டைத் தர முடியாது. சுத்தமாக எழுதுவதென்றால் மகள் விற்க வேண்டும், ஐயா தன் சீவிய உரித்தை விட்டுக்கொடுத்து அதே உறுதியில் ஒப்பமிட வேண்டும்.

மகள் கனடாவில் இருந்தபடியே விற்கலாம். அதற்கு, தன் சார்பில் இன்னொருவர் ஒப்பமிட அவர் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் இங்கே பதியப்பட்டிருக்க வேண்டும். இந்த வீட்டை விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். “பராமரிக்கவும் வாடகை வாங்கவும்” என்று எழுதிய பத்திரத்தை வைத்து வீட்டை விற்க முடியாது. இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். மகளின் கணவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட யாழ்ப்பாணத்தவரா? அப்படியென்றால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணவாழ்வு நீடிக்கும்வரை மகளும் அந்த வழமைக்கு உட்பட்டவர். அசைவற்ற சொத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. கிழக்கில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. உறுதி முடிக்கும் அன்றுதான் பிரச்சினை கிளம்பும்.

இதையெல்லாம் வங்கி சொன்னதாக மட்டும் விட்டுவிடாமல் நீங்களே உறுதிப்படுத்துங்கள். உறுதி இலக்கத்தையும் பதிவுப் பக்க இலக்கத்தையும் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடலாம். நன்கொடை உறுதி பதியப்பட்ட பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். அச்சாரம் வாங்கிய திகதியில் வீடு அவருடையதல்ல என்பதை, யாருடைய வாய்ப்பேச்சும் தேவைப்படாமல், அந்தத் தாளே காட்டும்.

பிறகு ஐயாவுக்குக் கடிதம். இதைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். இப்படி இருக்கலாம்:

“மேற்படி வீட்டையும் வளவையும் பேசிய விலைக்கு வாங்க நாங்கள் இன்றும் ஆயத்தமாக இருக்கிறோம். உறுதியின்படி உரிமையாளர் தங்கள் மகள் என அறிகிறோம். இன்றிலிருந்து 21 நாட்களுக்குள் அவரும் தாங்களும் ஒப்பமிட்டு, வில்லங்கமற்ற உறுதியை முடித்துத் தருவதற்கான ஒழுங்கைச் செய்து எழுத்தில் அறியத் தரவும். தவறினால், நாங்கள் செலுத்திய 12 இலட்சம் ரூபாவையும் உடனே திருப்பித் தரவும்.”

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. நீங்கள் விலகவில்லை, தர முடியாமல் இருப்பவர் அவர் என்பதை அது பதிவாக்குகிறது. ஆனால் அந்த வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். 21 நாட்களுக்குள் மகளின் பத்திரம் சரியாக வந்துவிட்டால், நீங்கள் வீட்டை வாங்கத்தான் வேண்டிவரும். உறுதி திருந்தினால் கடன் தருவீர்களா என்று வங்கியிடம் கேட்ட பிறகே கடிதத்தை அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், வழக்கமாக 14 நாள் தவணையோடு. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்றம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அந்த உச்சத் தொகை காலத்துக்குக் காலம் கூட்டப்படுகிறது. உங்கள் 12 இலட்சம் அதற்குள் வருகிறதா என்று வழக்குக்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் அங்கே போவதில் நட்டமில்லை. இரு பக்கமும் ஊர்க்காரர், செலவு மிகக் குறைவு, தவணை முறையில் திருப்புவதாக எழுத்தில் இணங்க வைக்கவும் வாய்ப்புண்டு. இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

பொலிஸ்? வீடு தன்னுடையதல்ல என்று தெரிந்தே, தன்னுடையது என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்குள் வரலாம். முறைப்பாடு பதியலாம். ஆனால் காசை அறவிட்டுத் தருவது பொலிஸின் வேலையல்ல. அங்கே “அடுத்த மாதம் தாறன்” என்று வாய்ச்சொல் வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடாதீர்கள்.

காலம் என்பது இங்கே பெரிய விடயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தங்களுக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாதவற்றுக்கு 3 வருடம். உங்களுடையது வலுவற்ற சீட்டின் மேல் கேட்கும் பணம். அதனால் 3 வருடம் என்றே கணக்கு வைத்து நடவுங்கள். இடையில் அவர் ஒரு பகுதியைத் திருப்பினால், அல்லது “இவ்வளவு தர வேண்டும்” என்று எழுதிக் கையொப்பமிட்டால், காலம் அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். பொறுக்கச் சொல்லி வாயால் கேட்டால் தொடங்காது.

உங்கள் நிலையில் இல்லாத, இனி அச்சாரம் கொடுக்கப் போகிற வாசகர்களுக்கும் சில சொல்ல வேண்டும். நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை முடித்தே பணம் கொடுங்கள். அதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதிந்தால் பிறகு வருகிறவர் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல முடியாது. 10 வீதத்துக்கு மேல் முற்பணம் வேண்டாம், பணம் வங்கி வழியாகப் போகட்டும். உறுதி வில்லங்கமின்றி இருப்பதாக வாங்குபவரின் சட்டத்தரணி ஏற்க வேண்டும் என்பதையும், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் தவறினால் உறுதியை முடித்துத்தரக் கேட்கும் உரிமையும் அதில் இருக்கட்டும். அச்சாரத்தை வைத்துத்தான் வங்கியில் ஈட்டை மீட்கப் போகிறேன் என்று விற்பவர் சொன்னால், பணத்தை அவர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்குக்கே நேரே கட்டுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டக் குடியேற்றக் காணிகளிலும், மட்டக்களப்பின் படுவான்கரையிலும், உறுதி இல்லாத அரச காணிகள் நிறைய உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியையும் அளிப்புப் பத்திரக் காணியையும் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. “எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்” என்று வெள்ளைத் தாளில் வாங்குவது மிக ஆபத்தானது. செல்லாது என்று தெரிந்தே இரு பக்கமும் இறங்கியிருந்தால், காசைத் திரும்பக் கேட்கும்போதும் நீதிமன்றம் உங்களிடம் கேள்வி கேட்கும். சுனாமிக்குப் பின் கிடைத்த வீட்டுத் திட்ட வீட்டுக்குக் கையளிப்புக் கடிதம் மட்டும் இருந்தால், அச்சாரம் பேசுமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்த வீட்டின் நிலையைக் கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு, சகோதரி. ஐயா இறங்கி வந்து காசோலை தந்தால், அது மாறி உங்கள் கணக்கில் பணம் விழும்வரை அந்தக் கொப்பி ஒற்றையின் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால், திரும்பியதற்கான வங்கிச் சீட்டோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். பகுதி பகுதியாகத் திருப்பினால், ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்பதை எழுதி, மீதித் தொகைக்குக் கீழே அவருடைய கையொப்பத்தையும் திகதியையும் வாங்குங்கள்.