தொய்ந்த தட்டுக்கு ஓரச் சட்டம்

கேள்வி: எங்கள் வீட்டில் 4 அடி நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட 18 மி.மீ. பிளைவுட் தட்டுகளில் புத்தகங்களை அடுக்கியிருக்கிறோம். இரண்டே ஆண்டுகளில் அவை நடுவில் குழிந்துவிட்டன. ஆசாரி 25 மி.மீ. பலகையாக மாற்றச் சொல்கிறார். முன் ஓரத்தில் தேக்கு ரீப்பர் (குறுகலான நீள மரச்சட்டம்) ஒட்டினால் போதாதா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: போதும், ஆனால் அந்த ரீப்பர் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓட்டு வீட்டு விட்டத்தை எந்த ஆசாரியும் படுக்கவைத்து ஏற்றுவதில்லை அல்லவா? வளைவை எதிர்க்கும் வலிமை அகலத்தின் நேர் விகிதத்திலும் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்திலும் கூடுவதால், 40 மி.மீ.க்கு 18 மி.மீ. ரீப்பர் ஒன்று படுத்திருப்பதைவிட நிற்கும்போது ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பாக இருக்கும். அதன் மேல்விளிம்பு தட்டின் மேற்பரப்போடு சமமாகவும், எஞ்சிய 22 மி.மீ. கீழே இறங்கியும் இருக்குமாறு ஒட்டினால், தட்டின் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயரும். ஆசாரி சொல்லும் 25 மி.மீ. பலகையும் சுமார் 2.7 மடங்குதான் தரும் என்பதால், நல்ல தட்டுகளைக் கழற்றி எறிவது வீண்செலவு என்பது என் எண்ணம். பின் ஓரத்திலும் ஒரு ரீப்பர் சேர்த்தால் மூன்றரை மடங்கைத் தொடலாம். ஓரத்தை மறைக்க ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை அழகுக்கு மட்டுமே உதவும்.

குழிந்த தட்டில் அப்படியே ரீப்பரை ஒட்டிவிடாதீர்கள். குழிவும் அதனுடன் நிலைத்துவிடும். புத்தகங்களை இறக்கி, தட்டைக் கழற்றி, சமதளத்தில் கவிழ்த்துப் போட்டு, மேடாகத் தெரியும் நடுப்பகுதியில் பாரம் ஏற்றி நேராக்கிய பிறகே ஒட்ட வேண்டும். மரப்பசையை ஓரத்தின் முழு நீளத்துக்கும் இடைவெளியின்றித் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெறும் ஆணி அடித்தால் பலகையும் ரீப்பரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தனித்தனியே வளையும் என்பதால் பலனில் ஒரு பகுதி போய்விடும். ரீப்பர் 4 அடிக்கும் ஒரே துண்டாக இருக்கட்டும். நடுவில் ஒட்டுப்போட்டது உதவாது.

நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் 4 அடித் தட்டில் 30 கிலோவைத் தாண்டுவது இயல்பு. மரம் நீடித்த பாரத்தில் மெல்ல மெல்ல மேலும் தொய்யும் தன்மையுடையது என்பதால், கனமான அகராதிகள் இருக்கும் தட்டுக்கு மட்டும் நடுவே ஒரு தாங்குகட்டையும் நிறுத்திவிடுங்கள். தாங்கும் தூரம் பாதியானால் தொய்வு 16-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அடுத்த அலமாரிக்குப் பிளைவுட் அறுக்கும்போது, மேலடுக்கின் நார் தட்டின் நீளவாக்கில் ஓடுகிறதா என்று ஆசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.