வாசகர் கேள்வி–பதில்: மகளை அழைத்துவர ஒடிசாவுக்கு

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை உண்டு. இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா மூலம் புவனேஸ்வரத்தில் ஓர் இல்லத்திலுள்ள மூன்று வயதுப் பெண்குழந்தையைத் தத்தெடுக்க ஏற்றிருக்கிறோம். எப்போது டிக்கெட் போடலாம்? பத்து நாள் போதுமா?

பதில்: குழந்தையின் பாஸ்போர்ட் தயாரான பிறகு போடுங்கள். தத்துக் குழந்தையை அழைத்துவரக் கேட்கும் ஐ-800 மனுவுக்கு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் முன் ஒப்புதல், ஹேக் தத்து உடன்படிக்கைப்படி அமெரிக்கத் தூதரகம் தரும் ஐந்தாம் பிரிவுக் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, கலெக்டரின் தத்து உத்தரவு, அதன்பின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். இந்த வரிசை மாறவே கூடாது. முதல் இரண்டும் வருமுன் தத்து முடிந்துவிட்டால் விசா சிக்கிக்கொள்ளும். உத்தரவு தருவது 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றம் அல்ல, கலெக்டர்தான்; பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்பாதீர்கள்.

நம்மவர்களை அதிகம் அலைய வைப்பது இனிஷியல். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வேறொரு சான்றிதழில் வெறும் 'எஸ்.' என்றிருக்கும். அது உத்தரவில் ஏறி, அங்கிருந்து பிறப்புச் சான்றிதழுக்கும் போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். கலெக்டருக்கு மனு போகும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பத்து நாள் போதாது, மூன்று வாரம் வையுங்கள். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு விசா மருத்துவப் பரிசோதனையில் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை உண்டு. பாசிட்டிவ் என்றால் எக்ஸ்ரே. அதிலும் சந்தேகம் என்றால் சளி மாதிரி எடுப்பார்கள். அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும்.

கேள்வி: எங்களுக்கு ஒடியா தெரியாது. அதுவும் இந்தியாதானே, சமாளித்துவிடலாமா?

பதில்: உங்களுக்கு இந்தியா, அவளுக்கு அந்த இல்லமும் அந்த மொழியும்தான் ஊர். குழந்தையை வாங்கிய கையோடு விசாவுக்காக டெல்லிக்கு விமானம் ஏறாதீர்கள். நான்கைந்து நாளாவது புவனேஸ்வரத்திலேயே தங்குங்கள். 'போக லாகுச்சி' என்றால் பசிக்கிறது, 'நித லாகுச்சி' என்றால் தூக்கம் வருகிறது, 'பிந்துச்சி' என்றால் வலிக்கிறது, 'பாணி' தண்ணீர். கழிவறைக்கு அவள் சொல்லும் சொல்லை ஆயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது வீட்டுக்கு வீடு மாறும்.

சாப்பாட்டில் நமக்குப் பாதி வேலை மிச்சம். அவர்களுடைய 'பகாள' நம் பழைய சோறுதான். பருப்பில் காய்கள் போட்டு வேகவைக்கும் 'டால்மா' நம் கூட்டுக்கு உறவு. முதல் வாரம் புதுச் சுவை எதையும் திணிக்காதீர்கள். அவள் போட்டுவரும் கவுனை உடனே துவைத்துவிடவும் வேண்டாம். அந்த வாசனை ஒன்றுதான் அவளுக்குப் பழகியது. ராத்திரி தலையணைப் பக்கத்தில் வையுங்கள். ஆயா தாலாட்டுவதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அவள் கட்டில், ஜன்னல், வாசல் கேட், எல்லாவற்றையும் அனுமதி கேட்டுப் படமெடுங்கள். மற்றக் குழந்தைகளின் முகம் மட்டும் விழக் கூடாது. அவர்களின் அடையாளம் வெளிவராமல் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு காக்கிறது.

கிளம்புமுன் குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு ஆகியவற்றின் நகல்களை வாங்குங்கள். கைவிடப்பட்ட குழந்தை என்றால் நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கும். அந்தத் துண்டையும் கேளுங்கள். பின்னாளில் 'நான் எங்கிருந்து வந்தேன்' என்று அவள் கேட்கும்போது காட்ட வேறெதுவும் இருக்காது.

கேள்வி: அமெரிக்கா வந்தபின் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில்: இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்குத் தரும் ஐஎச்-3 விசாவில் வந்து உங்களுடன் குடியேறும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது தானாகவே வந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ கேளுங்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்ற அறிக்கை முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று காராவுக்குப் போக வேண்டும்.