ஸ்டேஷன் முதலில், ஊர் அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் இருக்கிறாள். போயிருந்தபோது மருமகன் காரில் மேற்கே கூட்டிப்போனார். கிரீட், டோர்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என்று ஊர்ப்பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வருகின்றன. ஊர்களும் அச்சில் வார்த்தமாதிரி. “ரயில்வே வைத்த பெயர், அத்தை” என்கிறார் மருமகன். ரயில்வே எப்படி ஊருக்குப் பெயர் வைக்கும்? (வாசகி, ஈசூன்)

பதில்: பெயரை மட்டுமா வைத்தார்கள், அம்மா? ஊரையே வைத்தவர்கள் அவர்கள்தான்.

பிளாட் நதிக்குத் தெற்கே உள்ள அந்தச் சமவெளியை அமெரிக்க அரசு 1833-இல் பானி பழங்குடியினரிடமிருந்து ஒப்பந்தம் போட்டு எழுதி வாங்கியது. அப்புறம் 1864-இல், மேற்கே பாதை போட முன்வந்த பர்லிங்டன் ரயில்வேக்குச் சதுரங்கப் பலகைபோல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக நிலத்தைத் தூக்கிக் கொடுத்தது. ஒரு கட்டம் 640 ஏக்கர். பாதையோரம் போதாததற்கு வேறு இடத்திலும் கொடுத்து, நெப்ராஸ்காவில் மட்டும் சுமார் 24 லட்சம் ஏக்கர். சிங்கப்பூரைப்போல 13 மடங்கு!

ஆனால் வெறும் புல்வெளியில் ரயில் ஓட்டினால் யார் ஏறுவார்கள், எதை ஏற்றுவார்கள்? கோதுமை விளைய வேண்டும், விளைந்ததைக் கொண்டுவந்து போட ஊர் வேண்டும். அதற்காகவே ரயில்வே அதிகாரிகள் சௌத் பிளாட் லேண்ட் கம்பெனி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, நீங்கள் பார்த்த வழியில் பல ஊர்களுக்கு மனை போட்டார்கள். எக்ஸிடருக்கும் ஃபேர்மான்டுக்கும் இடையே ஏழு மைல்போல இருக்கும். விவசாயி குதிரை வண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமே, அந்தக் கணக்கு.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வுபெற்றவன் நான். அதனால் மனை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். முதலில் தண்டவாளம், அதை ஒட்டி ஸ்டேஷன், அங்கிருந்து கடைத்தெரு. கடை மனைக்கு முகப்பு பெரும்பாலும் 25 அடி. நம் சிராங்கூன் சாலைப் பழைய கடைவீடுகளைவிடச் சற்று அகலம். மூலை மனைக்கு விலை கூடுதல். தேவாலயத்துக்குப் பல ஊர்களில் மனை இலவசம். தர்மம் என்று நினைக்க வேண்டாம், தேவாலயம் வந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இதில் எல்லாரையும் மிஞ்சியது 1850களின் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயை ஒட்டி மனை விற்ற கூட்டம். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு 33 ஊர்! ஒரு திசைத் தெருக்களுக்கு எண், மறு திசைக்கு ஓக், வால்நட், செஸ்ட்நட் என்று மரப்பெயர். மரம் இருந்ததோ இல்லையோ, தெரு இருந்தது. எனக்கு அந்த வரைவாளரைப் பார்த்து ஒரே பொறாமை.

பண்ணை நிலத்தைப் பர்லிங்டன் 10 ஆண்டுத் தவணையில், 6 சதவீத வட்டிக்கு விற்றது. நிலம் பார்க்க வந்த ரயில் கட்டணத்தை, வாங்கினால் விலையில் கழித்துக்கொண்டது. ஐரோப்பாவரைக்கும் முகவர்களை அனுப்பி ஆள் பிடித்தது. கிரீட்டில் டோன் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1872-இல் கல்லூரியாகத் தொடங்கிய அது, பர்லிங்டனின் தலைமைப் பொறியாளர் தாமஸ் டோனின் பெயரைத் தாங்கியது.

ரயில்வே வைத்த ஊரெல்லாம் நிலைத்துவிடவில்லை. அதே வரிசையில் ‘எல்’ எழுத்துக்கு லோவெல். மாவட்டத் தலைமையிடம், அரசு நில அலுவலகம் என்று கொஞ்ச காலம் தடபுடலாக இருந்தது. 1872-இல் பாதை லோவெலைத் தாண்டி மேற்கே கியர்னிவரை போய்ச் சேர்ந்தது. பிறகு லோவெலில் இருந்தவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஸ்டேஷன் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் கையில்தான் காசு. இங்கே சிங்கப்பூரில் ‘எம்ஆர்டி நகர ரயிலுக்கு மூன்றே நிமிட நடை’ என்று காண்டோ அடுக்குமாடி விளம்பரம் வருகிறதே, அதுவும் இந்தக் கணக்குத்தான். ஆனால் நம்மூரில் அந்த லாபத்தை அரசு பெரும்பாலும் தானே எடுத்துக்கொண்டது. 1966-இன் நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி நிலத்தை எடுத்தது. இழப்பீட்டுக்கு 1973 நவம்பர் விலையே நெடுநாள் உச்சவரம்பாக இருந்தது. முதல் எம்ஆர்டி ஓடிய 1987-க்கு முன்பே பாதையோர நிலம் பலவும் இப்படிக் கைமாறியிருந்தது. முழுச் சந்தை விலை என்று சட்டம் திருந்தியது 2007-இல். நிலம் இழந்த குடும்பங்களுக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம். என்றாலும் பர்லிங்டனில் பணம் போட்ட பாஸ்டன் முதலாளிகள் மாதிரி யார் பைக்கோ போவதைவிட, அரசின் வீவக அடுக்குமாடி வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் திரும்பி வந்தது பரவாயில்லை.

கேள்வி: பழைய மலாயா ரயில் பாதையில் நடந்து பார்க்க ஆசை. வயது எழுபது. முடியுமா? (வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: தாராளமாக. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு ரயில் நின்றது. தண்டவாளம் எடுத்த பாதை 24 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் பக்கம்தான். 1932-இல் கட்டியதைப் புதுப்பித்து 2022-இல் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலமும் அருகிலேயே. பாதை சமதரை, முழங்காலுக்குத் தொந்தரவில்லை. ஒன்பது மணிக்குள் கிளம்புங்கள், தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்.