ஓடை வறண்டு கிடக்கிறது, மனை வாங்கலாமா?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் ஓடையை ஒட்டி 8 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். 15 வருஷமாக அதில் தண்ணீர் வந்ததில்லை என்கிறார் புரோக்கர். இணையத்தில் பார்த்த வெள்ள வரைபடத்திலும் அந்த இடத்தில் எந்த நிறமும் இல்லை. வீடு கட்டலாமா?

பதில்: நிறம் இல்லை என்றால் தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை, வந்த நேரத்தில் படம் எடுக்கப்படாமலும் போயிருக்கலாம். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போடுவது. செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மறுபடி வரச் சில நாட்கள் ஆகும், காட்டோடை வெள்ளமோ ராத்திரி வந்து விடிவதற்குள் வடிந்துவிடும். மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற ரேடார் படம் இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு வம்பு, வழவழப்பான காய்ந்த மணல் தண்ணீரைப் போலவே கறுப்பாக விழும். நானே ஒருமுறை மணல்வெளியைக் குளம் என்று குறித்து அசடு வழிந்திருக்கிறேன்.

15 வருஷக் கணக்கை விடுங்கள். 2023 டிசம்பரில் உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இல்லை. கரிசல் மண் வேறு, நனைந்து வெடிப்பு மூடிக்கொண்டால் அப்புறம் தண்ணீரை உள்ளே விடாது. நூறு வருஷ வெள்ளம் என்பதும் ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்புதான், ஆனால் 30 வருஷம் குடியிருந்தால் அது ஏறக்குறைய 26 சதவீதம்.

சரி, என்ன செய்யலாம்? கிராம வரைபடத்தையும், சர்வே எண்வாரியாக அளவு காட்டும் புல வரைபடத்தையும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு, அதாவது ஓடைக்கான அரசு நிலம், எவ்வளவு அகலம் என்று பாருங்கள். தரையில் இன்று தெரியும் ஓடை அதைவிட ஒடுங்கியிருந்தால் மிச்சம் யாருடைய வேலிக்குள் போனது என்று தேடுங்கள், உங்கள் 8 சென்ட்டாகவே இருக்கலாம். அப்புறம் ஓடையோரமாக ஒரு கிலோமீட்டர் நடங்கள். வேலிக்கருவை முள்ளில் செத்தையும் பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்கும், எல்லாம் ஓடை ஓடும் திசைப் பக்கமாகச் சீவி விட்டதுபோல் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது காற்றில் வந்ததல்ல. மனைக்கு நேராக அப்படி ஒன்று கிடைத்தால், கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை (லெவல் டியூப்) வைத்து அந்த உயரத்தை மனை மட்டத்தோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் சில மீட்டர் பிழை சாதாரணம், இந்தக் குழாயில் அவ்வளவு வராது. முள்ளை வெட்டிச் சுத்தம் செய்திருந்தால் மட்டும் அடையாளம் கிடைக்காது, அப்போது மேய்ச்சல்காரர்களைக் கேளுங்கள்.

மேலே கண்மாய் இருந்தால், அது நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, கரை எங்கே பலவீனம் என்பதையும் விசாரியுங்கள். கரை உடைந்து வரும் தண்ணீர் ஓடைக்குள் மட்டும் ஓடாது.

செத்தை மனை மட்டத்துக்கு மேலே தொங்கினால் அந்த மனை வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா? அதை எழுதவில்லையே.