இருட்டுக்காக வரைந்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க லண்டன் வந்த இடத்தில், பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்தியப் பகுதியில் இரண்டு நாட்கள் சுற்றினேன். பிரமிப்போடு சலிப்பும் வந்தது. முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள் இரண்டும் நம்மைப் பார்த்தபடி. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளாக இதையே வரைந்திருக்கிறார்கள். வேறு விதமாக வரையத் தெரியவில்லையா, மதம் விடவில்லையா? அடைத்து முத்திரை வைக்கப்போகும் கல்லறைக்குள் இத்தனை அழகு எதற்கு? அடிமைகளின் உழைப்பை இதைவிட வீணாக்க முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊர் திரும்புவதற்குள் அதே மியூசியத்தின் 61ஆம் அறைக்கு இன்னொரு முறை போய்வாருங்கள். கர்னாக் ஆமுன் கோயிலில் தானியக் கணக்கு எழுதிய நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவர்கள் அங்கே இருக்கின்றன. கி.மு. 1350 வாக்கில் வரைந்தவை. விருந்துக் காட்சியில் தரையில் அமர்ந்து இசைக்கும் பெண்களைப் பாருங்கள். இரண்டு பேர் முகத்தை முழுக்க நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். கூந்தல் இழைகள் ஆட்டத்தில் பிரிந்து கிடக்கின்றன. மடித்த கால்களின் உள்ளங்கால்கூடத் தெரிகிறது.

ஆக, தெரியாமல் இல்லை. ஆனால் நெபாமுனை வரையும்போது மட்டும் அந்தக் கை இலக்கணத்தை விட்டு விலகுவதில்லை. காரணம், அந்த உருவம் அவருடைய படமல்ல, அவருக்கான உடல். இறந்தவரின் 'கா' என்னும் உயிர்ச்சக்திக்குச் சோறும் நீரும் வேண்டும், தங்க உடலும் வேண்டும். பதப்படுத்திய உடல் அழிந்தாலும் சிலையோ ஓவியமோ அந்த இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும் உடலில் குறை இருக்கலாமா? எந்த உறுப்பு எந்தக் கோணத்தில் முழுமையாகத் தெரிகிறதோ அந்தக் கோணத்தில் அதை வரைந்தார்கள். இசைக்கும் பெண்களோ தங்களுக்காக அந்தச் சுவரில் இல்லை. அவருடைய மகிழ்ச்சிக்காக இருக்கிறார்கள். அதனால்தான் அவர்களை வரையும்போது கை தளர்ந்தது என்று நினைக்கிறேன். நாம் அழகென்று ரசிக்கும் அந்தச் சுதந்திரம் அவர்களுடைய தாழ்ந்த நிலையின் அடையாளம். இதை உணர்ந்த பிறகு அந்தப் பெண்களின் முகங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

உருவம் உயிருள்ளது என்பதை அவர்கள் எவ்வளவு தீவிரமாக நம்பினார்கள் என்பதற்குச் சக்காராவில் சான்று உண்டு. அங்குள்ள சில பிரமிடுகளின் உள்ளறைச் சுவர்களில் மந்திரங்களைப் பொறித்தவர்கள், சிங்க வடிவ எழுத்துகளை இரண்டு துண்டாக்கி, நடுவே இடைவெளி விட்டுப் பொறித்தார்கள். மனித வடிவ எழுத்துகள் சில காலும் உடலும் இல்லாமல் நிற்கின்றன. எழுத்துகூட எழுந்து வந்து மன்னரின் உடலுக்குத் தீங்கு செய்துவிடும் என்ற அச்சம். சிற்பியைக் குறிக்கும் எகிப்தியச் சொற்களில் ஒன்றுக்கு 'வாழச் செய்பவன்' என்று பொருள். செதுக்கி முடித்த சிலைக்கு வாய் திறக்கும் சடங்கைச் செய்வார்கள். வாச்சி போன்ற கருவியால் உதட்டைத் தொட்ட பிறகே அது மூச்சுவிடும், உண்ணும். இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பார்வையாளர் எதற்கு? இருட்டு அதற்கு ஒரு குறையே அல்ல.

இனி அடிமைகள். இந்தச் சொல்லை மட்டும் நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எகிப்திய மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து வரைந்தவர்கள், லக்சர் நகருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில் இன்று டெய்ர் எல்-மதீனா எனப்படும் ஊரில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். சுற்றுச்சுவருக்குள் அறுபத்துச் சொச்சம் வீடுகள். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் கூலி. பார்லி பீர் காய்ச்ச. கடன், வழக்கு, யார் எதற்காக வேலைக்கு வரவில்லை என்பது வரை ஓட்டுச்சில்லுகளிலும் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் எழுதிவைத்தார்கள்.

மன்னர் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், சுமார் கி.மு. 1157இல், இந்தக் கூலி வந்து சேரவில்லை. மாதத்தில் 18 நாட்கள் போய்விட்டன, பசிக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். போய் உட்கார்ந்த இடம்தான் முக்கியம். இறந்த மன்னர்களுக்கான கோயில்கள். அங்கேதான் தானியக் களஞ்சியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றான, இரண்டாம் ராம்சேஸின் ராமசியம் கோயிலின் பின்னால் வரிசையாகக் கிடக்கும் செங்கல் வளைவுகளை இன்றும் பார்க்கலாம். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். இத்தாலியின் டூரினில் உள்ள ஒரு பாப்பிரஸ் நாணல் சுவடியில் இது பதிவாகியிருக்கிறது. அடிமைகளின் குரலா இது? உரிமையைக் கேட்கும் தொழிலாளியின் குரல்.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. அந்தத் தானியத்தை விளைவித்த உழவர்களுக்கு இப்படிப்பட்ட கல்லறை கிடையாது. அடுத்தவர் சுவரில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அதே 61ஆம் அறையில் வாத்துகளைக் கணக்குக் காட்ட வந்து எழுத்தர் முன் குனிந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

'வீண்' என்றீர்கள். டெய்ர் எல்-மதீனாக்காரர்கள் மன்னருக்கு வரைந்ததோடு நிற்கவில்லை. ஊரை ஒட்டிய மலைச்சரிவில் தங்களுக்கும் கல்லறை குடைந்து, அதே தொழில் நேர்த்தியோடு வரைந்தார்கள். செனெஜெம் என்பவரின் கல்லறை அப்படிப்பட்டது. 1886இல் திறந்தபோது கொள்ளை போகாமல் இருந்தது. உள்ளே அவரும் குடும்பத்தாருமாக இருபது பேர். கிழக்குச் சுவரில் மறுவுலகின் வயல்கள். கூலித் தானியத்தில் வாழ்ந்த செனெஜெம், வெள்ளை வெளேரென்ற உடையில் இரண்டு மாடுகளைப் பூட்டி உழுகிறார். பின்னால் மனைவி ஐநெஃபெர்தி, கையிலுள்ள கூடையிலிருந்து விதையை அள்ளித் தூவிக்கொண்டே வருகிறார்.