ஆறு ஹீரோ, ஒரே சண்டை: வாசகர் கேள்வி–பதில்

சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி சேரும் படங்களைப் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கே: தனிப்படத்தில் அசத்துகிற ஹீரோக்கள், ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் ஏன் சப்பென்று போய்விடுகிறார்கள்?

ப: முதல் காரணம் நிமிடக் கணக்கு. இரண்டு மணி நேரப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளைமாக்ஸுக்கு 30 நிமிடம், வில்லனுக்கும் அவன் தேடி அலைகிற பொருளுக்கும் 20, கடைசிப் பெயர்ப் பட்டியலுக்கு ஏழெட்டு நிமிடம். கழித்தால் மிஞ்சுவது அறுபது சொச்சம். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரின் சக்தியைக் காட்டலாம், இல்லையென்றால் அவர் மனசில் இருக்கும் காயத்தைக் காட்டலாம். இரண்டுக்கும் இடம் போதாது. பல படங்கள் சக்தியைக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகின்றன. காயம் தெரியாத ஹீரோ பத்தோடு பதினொன்றுதான்.

கெட்டிக்காரத் திரைக்கதை ஒரே காட்சியை நான்கு வேலைக்குப் பயன்படுத்தும். 2012-ல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் கண்ணாடிச் சிறைக்குள் இருக்கும் வில்லன் லோகியை, குழுவின் உளவாளி நடாஷா விசாரிக்கும் காட்சியைப் பாருங்கள். நடாஷாவின் பழைய பாவக்கணக்கு தெரிகிறது. லோகியின் வக்கிரம் தெரிகிறது. உடைந்து அழுவதுபோல் முதுகைக் காட்டிய நடாஷா சட்டென்று திரும்பும்போது அவருடைய உண்மையான திறமை எது என்று தெரிகிறது. ஒரு மனிதருக்குள் அடங்கிக் கிடக்கும் பச்சை ராட்சசன் ஹல்க்கை அவிழ்த்துவிடுவதுதான் எதிரியின் திட்டம் என்பதும் வெளியே வந்துவிடுகிறது. எல்லாம் சேர்த்துச் சில நிமிடம்தான்.

அதே படம் ஒரு குறுக்குவழியிலும் போகிறது. ஆரம்பத்திலேயே வில்வீரர் ஹாக்ஐயை லோகியின் வசியத்தில் சிக்கவைத்து, பாதிப் படத்துக்கு மேல் கணக்கிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். மற்ற ஐவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அவர் யார், எதற்காகச் சண்டை போடுகிறார் என்பதே சொல்லப்படவில்லை. அந்தக் கடனை 2015-ல் வந்த அடுத்த பாகத்தில்தான் பண்ணை வீடு, மனைவி, குழந்தைகள் என்று காட்டி அடைத்தார்கள்.

கே: ஒவ்வொருவருக்கும் முதலில் தனிப்படம் எடுத்தால்தான் கூட்டணிப் படம் நிற்குமா?

ப: கட்டாயமில்லை. 2012 படத்துக்கு முன்னால் 2008 முதல் 2011 வரை ஐந்து படங்கள் வந்து அறிமுக வேலையை முடித்து வைத்திருந்தன. மாறாக 2017-ன் ‘ஜஸ்டிஸ் லீக்’கில் ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரையும் அதற்கு முன் துண்டுக் காட்சிகளில்தான் பார்த்திருந்தோம். மூவரின் அறிமுகம், சூப்பர்மேனின் உயிர்த்தெழுதல், புது வில்லன் எல்லாவற்றையும் 120 நிமிடத்துக்குள் திணித்ததில் மூச்சு முட்டியது.

ஆனால் 2014-ன் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ குழுவில் ஒருவருக்குக்கூட முன்படம் கிடையாது. கைதான நால்வரை வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் செய்த குற்றங்களைக் காவலர் வாயால் படிக்கவைத்தே அறிமுகத்தை முடித்துவிட்டார்கள். சேர்ந்து சிறையில் கிடப்பவர்கள் சேர்ந்து தப்பிக்க நினைப்பது இயல்பு என்பதால், கூட்டணிக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதும் இல்லை.

முன்படங்களை நம்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2023-ன் ‘தி மார்வெல்ஸ்’ 105 நிமிடம்தான். ஆனால் அதன் மூன்று நாயகிகளில் இருவரின் முன்கதை தொடர்களில் இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர் முழிக்க வேண்டியதுதான்.

கே: குழுவில் ஒருவர் மட்டும் மலையைப் புரட்டுகிற பலசாலி. அவர் இருக்கும்போது மற்றவர்கள் எதற்கு?

ப: இந்த வகைப் படத்தின் நிரந்தரத் தலைவலி இதுதான். 1963-ல் தொடங்கிய அவெஞ்சர்ஸ் காமிக்ஸிலேயே ஹல்க் இரண்டாவது இதழில் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். கதை எழுதுகிறவர்களுக்கு அதில் எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, பலசாலியை அப்புறப்படுத்துவது. 2018-ன் ‘இன்ஃபினிட்டி வார்’ இதில் மன்னன். முதல் சண்டையிலேயே வில்லன் தானோஸிடம் அடி வாங்கிய ஹல்க், அதற்குப் பிறகு படம் முழுக்க வெளியே வர மறுக்கிறார். இடிக்கடவுள் தோர் புதிய கோடரி செய்ய வேறொரு மூலைக்குப் போய்விடுகிறார். இயந்திர மனிதர் விஷனைத் தொடக்கத்திலேயே குத்திக் காயப்படுத்திவிடுகிறார்கள். மூன்று பெரிய கைகளையும் கட்டிவிட்டதால்தான் மற்றவர்களின் போராட்டம் பதற்றமாக இருக்கிறது.

இரண்டாவது வைத்தியம் கடினமானது, அதனாலேயே மேலானது. பலத்தால் மட்டும் முடியாத வேலையை வைப்பது. ஜஸ்டிஸ் லீக்கின் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2017 பதிப்பில் சூப்பர்மேன் வந்து இறங்கியதும் வில்லன் கைக்குழந்தை ஆகிவிடுகிறான். அதுவரை உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவர்கள் வேடிக்கை பார்க்கிற நிலை. 2021-ல் வந்த 242 நிமிடப் பதிப்பில் சூப்பர்மேன் வந்த பிறகும் தோற்றுப்போகிறார்கள். வில்லன் தேடி அலைந்த மூன்று மாயப் பெட்டிகளும் ஒன்று சேர்ந்து உலகமே அழிகிறது. காலத்தைப் பின்னோக்கித் திருப்ப ஃப்ளாஷ் ஓட வேண்டும், பெட்டிகளுக்குள் நுழைய பாதி இயந்திரமான சைபார்க் வேண்டும். வில்லனை முடிக்கும்போதுகூட அக்வாமேன் குத்துகிறார், சூப்பர்மேன் அடித்துத் தூக்குகிறார், வொண்டர் வுமன் தலையைச் சீவுகிறார். அடி மூன்று பேருக்கும் பங்கு.

கூடுதல் இரண்டு மணி நேரம் கிடைத்ததால்தான் இது முடிந்தது என்பார்கள். பாதி உண்மை. காலத்தைத் திருப்புகிற அந்தக் காட்சி சில நிமிடம்தான். வேலைப் பிரிவினையைச் சரியாக யோசித்திருந்தால் சிறிய படத்திலும் அடங்கியிருக்கும்.

கே: நல்லவர்கள் சேர்வதற்கு முன் ஏன் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்? நேரத்தை இழுக்கிற வேலையா?

ப: இழுவையாகவும் இருக்கலாம், உபயோகமாகவும் இருக்கலாம். 2012 படத்தில் காட்டுக்குள் நடக்கும் சண்டை ஓர் அளவுகோல் மாதிரி. தோர் இறக்கும் மின்னல் அயர்ன் மேன் கவசத்தில் 400 சதவீத மின்னேற்றமாக மாறுகிறது. கேப்டன் அமெரிக்காவின் கேடயம் தோரின் சுத்தியல் அடியையே தாங்குகிறது, சுற்றியிருந்த மரங்கள்தான் சாய்கின்றன. யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று வசனமே இல்லாமல் புரிந்துவிட்டது.

2016-ன் ‘சிவில் வார்’ விமான நிலையச் சண்டையில் பக்கத்துக்கு ஆறு பேர். பாதிச் சண்டை விளையாட்டாகவே போகிறது. தவறி விழுந்த ஒரு அடியில் அயர்ன் மேனின் நண்பர் ரோட்ஸின் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகுதான் சிரிப்பு அடங்குகிறது. சண்டைக்குப் பின் எதுவும் மாறவில்லை என்றால் அது இழுவை. இதைத் தவிர வேறு சோதனை தேவையில்லை.

கே: கிளைமாக்ஸில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே புரிவதில்லை. கண்ணில் கோளாறா, படத்திலா?

ப: படத்தில்தான். இடம் புரிய வேண்டுமென்றால், சண்டை சூடுபிடிக்கும் முன் யாராவது வேலையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2012 படத்தின் நியூயார்க் சண்டையில் கேப்டன் அதைத்தான் செய்கிறார். ஹாக்ஐ மொட்டை மாடியில் கண்காணிப்பு, அயர்ன் மேன் எல்லைக் காவல், தோர் வானத்து வாசலை அடைப்பது, நடாஷாவும் கேப்டனும் தரையில், ஹல்க்குக்கு நொறுக்கும் வேலை. அரை நிமிட வசனம். அதன் பிறகு காட்சி எங்கே தாவினாலும் நமக்கு வரைபடம் கையில் இருக்கிறது. பிற்பாடு கேமரா வெட்டே இல்லாததுபோல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பறந்து ஆறு பேரையும் ஒரே மூச்சில் தொட்டுவருகிறது. கணினியில் ஒட்டுப்போட்ட ஷாட்தான், ஆனாலும் குழு என்ற உணர்வை அது கொடுத்த அளவுக்கு வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஃபிரேமின் அகல–உயர விகிதமும் இதற்குக் கைகொடுத்தது. அந்தப் படத்தை அகலமான 2.39:1-ல் எடுக்காமல் உயரம் கூடிய 1.85:1-ல் எடுத்தார்கள். ஹல்க்கும் நடாஷாவும் பக்கத்தில் நின்றால் இருவரும் அடங்க வேண்டுமே!

கே: வானத்தில் ஓட்டை, அதிலிருந்து முகமில்லாத படை. இது எப்போது ஓயும்?

ப: ஆறு பேருக்கும் அடிக்க ஆள் வேண்டும், அடிபட்டவனுக்காக யாரும் வருந்தவும் கூடாது. அதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. தாய்க்கப்பலை அழித்ததும் மொத்தப் படையும் சுவிட்ச் போட்டதுபோல் சரிந்து விழுவது, மேலே நாம் புகழ்ந்த 2012 படத்தின் மிகச் சோம்பேறித்தனமான முடிவு.

கே: எல்லோரும் ஒரே மாதிரி நக்கலடிக்கிறார்களே?

ப: வசனத்தை மட்டும் எழுதி, சொன்னவர் பெயரை மறைத்து நண்பரிடம் கொடுங்கள். பத்தில் ஏழையாவது சரியாகச் சொன்னால் எழுத்து நன்று. நகைச்சுவை மோசமாவது பெரும்பாலும் வேறொரு இடத்தில்: யாராவது இறந்த அடுத்த நொடியில் வருகிற ஜோக். சோகத்துக்கு மூச்சுவிட நேரம் தராத படத்தில் வீரத்துக்கும் எடை இருக்காது.

கே: இப்படிப்பட்ட படத்துக்கு விமர்சனம் எழுத விரும்புகிறேன். எதைக் குறித்துக்கொள்வது?

ப: முதல் தடவை எதையும் குறிக்காமல் பாருங்கள். வீட்டில் இரண்டாவது தடவை பார்க்கும்போது ஒரு தாளில் ஹீரோக்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு முடிவெடுக்கும் இடத்தின் நிமிடத்தைக் குறியுங்கள். சண்டை போடுவது முடிவில்லை, கட்டளைக்குப் பணிவதும் முடிவில்லை. குழு முழுதாகச் சேர்கிற நிமிடத்துக்கு அடிக்கோடு போடுங்கள். அது முதல் அரை மணியிலேயே வந்தால் பிற்பாதியில் எதிர்பார்க்க ஒன்றுமிருக்காது, கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போனால் ஏமாற்றம். பிறகு ஒவ்வொரு பெயராக அடித்துப் பாருங்கள். ஒருவரை நீக்கியும் கதை அப்படியே நடந்தால், உங்கள் விமர்சனத்தின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.

கே: பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டுமா?

ப: நடுவில் வருவது பெரும்பாலும் அடுத்த படத்துக்கான விளம்பரம். கடைசியில் வருவது சில நேரம் அருமை. 2012 படத்தின் முடிவில் ஆறு பேரும் களைத்துப்போய், ஒரு வார்த்தை பேசாமல் ஷவர்மா சாப்பிடுவார்கள். படத்தின் முதல் பிரத்யேகத் திரையிடல் நடந்து முடிந்த மறுநாள்தான் அதை எடுத்தார்கள். கேப்டனாக நடித்தவர் அதற்குள் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்ததால், தாடையை மறைக்கக் கன்னத்தில் கையை ஊன்றியபடியே உட்கார்ந்திருப்பார். 2019-ன் ‘எண்ட்கேம்’ முடிவில் காட்சியே கிடையாது. இரும்பில் சுத்தியல் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.